விளக்கின் நிறமும் கண்பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களும், முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களும், கடலுக்குப் போகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் விளக்கின் நிறத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றின் அடியில் இருப்பது ஒரே அச்சம்தான்: வெள்ளை விளக்கு கண்ணைக் கெடுத்துவிடுமோ என்பது. வீட்டு விளக்கின் நிறம் நல்ல கண்ணின் பார்வையைப் பறிப்பதில்லை. ஆனால் எதை எதிலிருந்து பிரித்தறிய முடியும், இருட்டில் எவ்வளவு தூரம் தெரியும், இரவில் தூக்கம் எப்போது வரும் என்பவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே, வேலைக்கு ஏற்ற விளக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

விளக்குப் பெட்டியில் 2700 கே, 4000 கே, 6500 கே என்று அச்சிட்டிருப்பது எதைக் குறிக்கிறது?

அது விளக்கொளியின் நிறவெப்பநிலை. கெல்வின் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஓர் உலோகத்தைச் சூடாக்கினால் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, மேலும் சூடேற வெண்மையாக ஒளிர்வதை வைத்து உண்டான கணக்கு இது. ஆகவே எண் குறைவாக இருந்தால் ஒளி மஞ்சளாகவும், எண் கூடினால் நீலம் கலந்த வெண்மையாகவும் இருக்கும். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2700. நடுப்பகல் வெயில் 5500 அளவில். மேகம் மூடிய வானம் 6500 அளவில். கடையில் ‘வார்ம் வைட்’ என்று தருவது 2700 முதல் 3000 வரையிலும், ‘கூல் டேலைட்’ என்று தருவது 6500 அளவிலும் இருக்கும்.

இந்த எண் வெளிச்சத்தின் அளவைச் சொல்வதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளிச்சத்தின் அளவுக்கு லூமென் எண்ணைப் பார்க்க வேண்டும். பலரும் பார்க்காமல் விடும் மூன்றாவது எண் ஒன்றும் உண்டு, அது சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டும் திறன். பொருள்களின் இயல்பான நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கு எத்தனை என்று போடும் மதிப்பெண் அது. குண்டு பல்புக்கு 100. சாதாரண எல்இடி விளக்குகளுக்கு 80 அளவில் இருக்கும். நிறம் பார்த்துச் செய்யும் எந்த வேலைக்கும் 90-க்கு மேலுள்ள விளக்கையே வாங்குங்கள் என்பது எங்கள் அழுத்தமான பரிந்துரை.

வெள்ளை எல்இடி விளக்கில் நீல ஒளி அதிகம் என்கிறார்களே, அது விழித்திரையைக் கெடுக்காதா?

வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு என்பது உண்மைதான். ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த நீலத்தின் ஒரு பகுதியை, மேலே பூசியுள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளியாக மாற்றுகிறது. எஞ்சிய நீலமும் இவையும் சேர்ந்து நமக்கு வெண்மையாகத் தெரிகின்றன. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலிவு விலையில் எல்இடி விளக்கு வழங்க மத்திய அரசு 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பிறகு இந்த விளக்கு நம் நாட்டில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது.

நீல ஒளி மிகக் கடுமையான அளவில் நேராக விழுந்தால் விழித்திரையில் வேதிமாற்றத்தை உண்டாக்கிச் செல்களைக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் கூரையிலோ சுவரிலோ பொருத்திய வீட்டு விளக்கு அந்த அளவை எட்டுவதில்லை. திறந்தவெளியில் நிழலில் நிற்கும்போதுகூட வானத்திலிருந்து நம் கண்ணுக்குள் போகும் நீல ஒளி, வீட்டு விளக்கு தருவதைவிடப் பல மடங்கு கூடுதல். எல்இடியால் கண் எரிகிறது, தலைவலி வருகிறது என்று சொல்கிறவர்களின் வீட்டில் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு காரணங்கள் தென்படும். ஒன்று, மூடி இல்லாத விளக்கு நேராகக் கண்ணில் படும்படி தாழ்வாக மாட்டப்பட்டிருப்பது. மற்றொன்று, மலிவான விளக்கின் மின்சுற்று சரியில்லாமல் நொடிக்கு 100 தடவை ஒளி ஏறி இறங்குவது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒளி இரண்டு தடவை எழுவதால் 100 ஆகிறது. கண் இதை உணராவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரலாம். கைப்பேசிக் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பிப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்த விளக்கை மாற்றிவிடுவது நல்லது.

பிள்ளைகள் படிப்பதற்கு மஞ்சள் விளக்கு நல்லதா, வெள்ளை விளக்கு நல்லதா?

எதுவானாலும் சரி, வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும். படிக்கும் தாளின் மேல் 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் வேண்டும். அறையின் நடுவில் ஒரே ஒரு டியூப்லைட் எரிய, பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்தால், தலையின் நிழலே புத்தகத்தில் விழுந்து வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிடும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்தும், இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்தும் விளக்கு வருமாறு வைத்தால் போதும். நிறத்தில் 4000 கெல்வின் அளவுள்ள விளக்கைப் பெரும்பாலோர் இதமாக உணர்கிறார்கள். அது பழக்கத்தையும் விருப்பத்தையும் பொறுத்தது.

பெற்றோர் கவலைப்பட வேண்டியது கிட்டப்பார்வையைப் பற்றி. அதைத் தடுப்பதில் வீட்டு விளக்கின் நிறத்தைவிடப் பகல் வெளிச்சத்துக்கே நிரூபிக்கப்பட்ட பங்கு உண்டு. பிள்ளைகள் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வெளியில் இருந்தால் கிட்டப்பார்வை தொடங்குவது தள்ளிப்போகிறது என்பதால், தைவான் நாடு 2010 முதல் பள்ளிகளில் 120 நிமிட வெளிவேளையை வற்புறுத்தி வருகிறது. மாலையில் டியூஷனுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரமாவது கடற்கரையிலோ, வயல்வரப்பிலோ, தெருவிலோ ஓடியாட விடுங்கள் என்று நம் பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறோம்.

முந்திரி ஆலையில் தரம் பிரிக்கும்போது காலையில் சரியாகத் தெரிவது மாலையில் தெரிவதில்லை. கண்ணில் கோளாறா, விளக்கில் கோளாறா?

இக்கேள்வி மற்றெல்லாவற்றையும்விட விரிவான விடைக்குத் தகுதியானது. ஏனெனில் மார்த்தாண்டம், கருங்கல், குழித்துறை வட்டாரங்களில் அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் ஆயிரக்கணக்கான பெண்களின் கூலியும் பேரும் இதில் அடங்கியிருக்கின்றன.

தோல் உரித்த முழுப் பருப்பை வெள்ளை, கருகல் என்று முதலில் நிறத்தால் பிரித்து, பிறகு பருமனால் பிரிக்கிறார்கள். 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் என்று பொருள். பருமனைக் கை அறிந்துவிடும். நிறத்தைக் கண் மட்டுமே அறியும். வறுக்கும்போதோ உலர்த்தும்போதோ சூடு சற்றுக் கூடிய பருப்பு மெல்லிய பழுப்பு நிறம் கொள்கிறது. வெள்ளைப் பருப்பு எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்புகிறது. பழுப்பேறியது சிவப்பையும் மஞ்சளையும் அதே அளவில் அனுப்பினாலும் நீலத்தை மட்டும் குறைவாக அனுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் அந்த நீலத்தில்தான் இருக்கிறது. விளக்கில் நீலமே குறைவு என்றால், திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாததால் இரண்டு பருப்பும் ஒன்றுபோலத் தெரியும். மஞ்சள் குண்டு பல்பின் கீழ் ஒரு தட்டுப் பருப்பைப் பரப்பினால் எல்லாமே ஒரே தந்த நிறமாகத் தோன்றுவதும், அதே தட்டை வடக்குச் சன்னலுக்குக் கொண்டுபோனால் கருகல் பருப்புகள் தனித்தனியே எழுந்து தெரிவதும் இதனால்தான். யாரும் உடனே செய்து பார்க்கலாம்.

மாலையில் இன்னொன்றும் சேர்கிறது. நம் கண் விளக்கின் நிறத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். மஞ்சள் ஒளியில் சிறிது நேரம் இருந்தால் வெள்ளைத்தாள் வெள்ளையாகவே தோன்றத் தொடங்கும். மேசைக்கு மேல் வெள்ளை டியூப்லைட்டும் பக்கவாட்டில் மஞ்சள் பல்பும் எரிந்தால், கண் எதற்கும் முழுதாகப் பழகாமல், ஒரே பருப்பு மேசையின் ஒரு முனையில் ஒரு நிறமாகவும் மறுமுனையில் வேறு நிறமாகவும் தெரியும். எனவே தரம் பிரிக்கும் மேசைக்கு 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள, நிறங்காட்டும் திறன் 90-க்கு மேற்பட்ட விளக்குகளை ஒரே வகையாகப் பொருத்த வேண்டும். மேசை விரிப்பு பளபளப்பில்லாத சாம்பல் நிறமாக இருப்பது நல்லது. பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ அருகிலிருந்தால் அதன் சாயல் பருப்பின் மேலும் ஏறும்.

இவ்வளவு செய்தும் ஒருவருக்கு மட்டும் வேற்றுமை தெரியவில்லை என்றால், அவருடைய வயதையும் சர்க்கரை நோயையும் கவனிக்க வேண்டும். நாற்பது கடந்தால் வெள்ளெழுத்து வரும். அதன்பின் கண்புரையும் தொடங்கலாம். சர்க்கரை நோயில், நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும் திறன் பார்வை குறைவதற்கு முன்பே தளரக்கூடும். தரம் தவறியதற்காக ஒரு பெண்ணின் கூலியில் பிடிப்பதற்கு முன்னால், மேசைக்கு மேல் எரியும் விளக்கையும் அவருடைய கண்ணையும் பரிசோதிப்பதுதான் நியாயம்.

ஜவுளிக்கடையில் பார்த்த புடவை நிறம் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுகிறதே?

சாயக் கலவை வேறாக இருக்கும் இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கின் கீழ் இரண்டு நிறமாகவும் தெரியலாம். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்தும்போது இரண்டையும் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விடியலுக்கு முன் தோவாளைச் சந்தையில் பூ வாங்குகிறவர்கள் பூவின் வாட்டத்தை நிறத்தைவிடக் கையால் தொட்டு அறிவதும் இந்தக் காரணத்தால் விவேகமானதே.

இரவில் கடலில் விசைப்படகு ஓட்டும்போது சுக்கான் அறையில் சிவப்பு விளக்கு போடச் சொல்வது ஏன்?

விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. ஏறத்தாழ 60 லட்சம் கூம்பு செல்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்து நிறங்களையும் நுணுக்கங்களையும் காட்டுகின்றன. ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்கள் இருட்டில் வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது, ஆனால் மிக மெல்லிய ஒளியும் தெரியும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால், குச்சி செல்களில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி மீண்டும் சேர்ந்து முழுக் கூர்மை பெற 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். அந்த நிறமியைச் சேர்க்க வைட்டமின் ஏ தேவை; அது குறைந்தால் வருவதே மாலைக்கண்.

கூம்பு செல்கள் 555 நானோமீட்டர் அளவிலான பச்சை மஞ்சளையும், குச்சி செல்கள் 507 அளவிலான நீலப்பச்சையையும் மிகக் கூர்மையாக உணர்கின்றன. அந்தி மங்கும்போது செம்பருத்திப் பூ கறுத்துப்போக, அதன் இலை மட்டும் நெடுநேரம் வெளிறித் தெரிவதற்கு இதுவே காரணம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார். 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பொளியைக் குச்சி செல்கள் அனேகமாக உணர்வதே இல்லை. ஆகவே மங்கலான சிவப்பு விளக்கில் கருவிகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அரைமணி நேரம் சேர்த்துவைத்த இருட்டுப் பார்வை அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாக வெள்ளை டார்ச்சை அடித்தாலோ, முழு வெளிச்சத்தில் கைப்பேசியைப் பார்த்தாலோ அது சில நொடிகளில் போய்விடும்; விளக்கு இல்லாமல் முன்னே கிடக்கும் வள்ளம் தெரியாமல் போகும்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிற தொழிலாளர்களுக்கு மூன்று எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு மங்கலாக இருக்க வேண்டும். பளிச்சென்று எரியும் சிவப்பும் கண்ணைக் கூசச் செய்யும். சிவப்பொளியில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும் என்பதால் முக்கியமான குறியீடுகளை வேறு நிறத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். தொலைவில் மினுங்கும் மிக மெல்லிய ஒளியை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்கள் இல்லை. பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் செலுத்தினால் தெரியும்.

மீனை ஈர்க்கப் படகில் எரிக்கும் அதிக ஒளி விளக்குகள் கண்ணுக்குத் தீங்கா?

அதிக ஒளி எல்இடி விளக்குகளைக் கொண்டு மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்துவிட்டது. மீன்வளத்தைக் காக்க எடுத்த முடிவு அது. கண்ணைப் பொறுத்தவரை, கையெட்டும் தூரத்தில் அத்தகைய விளக்கை நேராகப் பார்ப்பது ஆபத்து. பக்கத்துப் படகில் இருப்பவர்களின் இருட்டுப் பார்வையையும் அது பறித்துவிடுகிறது என்பது நம் மீனவர்களின் முறையீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று.

சாலையில் மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டது நல்லதா?

பெருமளவில் நல்லதே. சோடியம் விளக்கின் நிறங்காட்டும் திறன் 25 அளவில்தான். அதன் கீழ் பச்சைச் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஒரே மண்ணிறமாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் குச்சி செல்களும் சேர்ந்து வேலை செய்வதால், நீலமும் பச்சையும் கலந்த வெள்ளை ஒளியில் ஓரப்பார்வை கூடுகிறது; சாலையோரமிருந்து குறுக்கே வரும் மாட்டையோ பிள்ளையையோ சற்று முன்னதாகவே காணலாம். ஆனால் 5000, 6000 கெல்வின் அளவுள்ள மிக வெண்மையான தெருவிளக்குகள் முதியோரின் கண்ணைக் கூசச் செய்கின்றன. அருகிலுள்ள வீடுகளில் தூங்குகிறவர்களையும் தொந்தரவு செய்கின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மேற்பட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நம் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் விளக்கு வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாறாமலை, கீரிப்பாறைப் பக்கம் மூடுபனியில் வண்டியின் மஞ்சள் விளக்கு நன்றாக ஊடுருவும் என்பது உண்மையா?

பிரான்சு நாட்டில் 1936 முதல் 1993 வரை எல்லா வண்டிகளுக்கும் மஞ்சள் முகப்பு விளக்கு கட்டாயமாக இருந்தது. ஆனால் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. மஞ்சள் அதிகமாக ஊடுருவுவதில்லை. நீலம் நீங்கியதால் கண்கூச்சம் சற்றுக் குறைவாகத் தோன்றும், அவ்வளவே. பனி விளக்கு உதவுவதற்கு முதன்மைக் காரணம் அது தாழ்வாகப் பொருத்தப்பட்டு, அகலமாகத் தரையை ஒட்டி அடிப்பதுதான். மழையிலும் பனியிலும் ஹைபீமைத் தணித்துவிடுங்கள்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு எந்தத் தலைவிளக்கு ஏற்றது?

விடியுமுன் வெட்டும்போது பட்டையின் அடுக்குகளை நிறத்தால் அறிந்து, உள்ளிருக்கும் மரத்தில் காயம் படாமல் கத்தியை ஓட்ட வேண்டும். எனவே 4000 கெல்வின் அளவில், நிறங்காட்டும் திறன் கூடிய விளக்கு ஏற்றது. மிக வெண்மையான, குறுகிய கற்றையுள்ள விளக்கு ஈரப்பட்டையில் பட்டு மின்னும். வட்டத்துக்கு வெளியே எல்லாம் காரிருளாகிவிடும். பாம்பு கிடக்கும் பாதையில் நடக்க, ஒளியை அகலமாகப் பரப்பும் வசதி விளக்கில் இருக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவதும், கண்புரை அறுவைக்குப் பிறகு டியூப்லைட் நீலமாகத் தெரிவதும் ஏன்?

வயதாக ஆக விழியிலுள்ள இயற்கை லென்ஸ் மஞ்சளேறி, நீல ஒளியைத் தடுக்கத் தொடங்குகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இது மெல்ல மெல்ல நடப்பதால் அவர்களுக்கே தெரிவதில்லை. அறுவைக்குப் பின் தெளிந்த செயற்கை லென்ஸ் வழியே நீலம் தடையின்றி நுழைவதால் சில வாரங்களுக்கு எல்லாம் நீலம் பூத்துத் தெரியும். பிறகு மூளை பழகிவிடும். பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் முதியோர் இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஆனால் கூசாத வெளிச்சமாக, மூடியிட்ட விளக்காக இருக்கட்டும். இரவில் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் மாத்திரை எடுக்க விடாதீர்கள். வெளிர்நீல மாத்திரையும் வெளிர்பச்சை மாத்திரையும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரியும். மருந்துப் பெட்டிக்கு மேல் ஒரு நல்ல வெள்ளை விளக்கைப் பொருத்துவது மிக எளிய, மிகத் தேவையான காரியம்.

கைப்பேசி, கணினிக்காக நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இது கண்களைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. திரை பார்க்கும்போது கண் எரிவது, இமைப்பது குறைந்து கண் உலர்வதால். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

படுக்கையறைச் சீரோ வாட் பல்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

நீலம் வேண்டாம், சிவப்போ ஆரஞ்சோ நல்லது. விழித்திரையில் பார்ப்பதற்கென்றில்லாமல், பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதற்கென்றே மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் உண்டு. அவை 480 நானோமீட்டர் அளவிலான நீலத்தை மிகுதியாக உணர்கின்றன. இரவில் அந்த ஒளி பட்டால், தூக்கத்துக்குத் துணையான மெலடோனின் சுரப்பது தாமதமாகும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வெள்ளை டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்குக்கு மாறினாலே பலருக்குத் தூக்கம் சீராகும்.

இரவு விளக்கில் தூங்கும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வரும் என்று 1999-இல் ஓர் ஆய்வு சொன்னது. மறுவருடமே வந்த மற்ற ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. கிட்டப்பார்வையுள்ள பெற்றோரே அதிகமாக இரவு விளக்கு வைத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. பிள்ளை இருட்டுக்குப் பயந்தால் சிறு விளக்கு எரியட்டும்.

கன்னியாகுமரியில் சூரிய உதயத்தை நேராகப் பார்க்கலாமா?

அடிவானத்தைத் தொட்டு நிற்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மங்கிய சிவப்பே நம்மை எட்டுகிறது. விழித்திரையைக் கெடுக்கும் வல்லமை நீலத்துக்கே அதிகம் என்பதால், செந்நிறமாய்க் கடலிலிருந்து எழும் அந்தச் சில கணங்களில் கூசாமல் பார்ப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் வட்டம் சிவப்பை விட்டுப் பொன்னிறமாக மாறி, கண் சுருங்கத் தொடங்கியதும் பார்வையைத் திருப்பிவிட வேண்டும். பிள்ளைகள் போட்டி போட்டு உற்றுப் பார்ப்பதைத் தடுங்கள். கிரகணம் வேறு கதை: 2010 ஜனவரி 15-இல் நம் மாவட்டத்தில் தெரிந்த கங்கண கிரகணம் போன்றவற்றை உரிய சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடியும் பார்க்கக் கூடாது. விழித்திரையில் வலியுணர்வு இல்லாததால் சுட்டுக்கொண்டதே தெரியாது.

திருவிழாச் சீரியல் விளக்குகளில் சிவப்பு முன்னாலும் நீலம் பின்னாலும் நிற்பதுபோலத் தோன்றுவது பார்வைக் குறையா?

இல்லை. கண்ணின் லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. நீலம் விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. இரவில் நீலப் பெயர்ப்பலகை தொலைவிலிருந்து மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். கடைக்காரர்கள் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து எழுதுவதைத் தவிர்த்தால் எல்லோரும் சிரமமின்றி வாசிப்பார்கள்.

நிறக்குருடு உள்ளவருக்கு விளக்கை மாற்றினால் நிறம் தெரியுமா?

பிறவியிலேயே சிவப்பு பச்சை வேற்றுமை தெரியாதவர்களுக்குக் கூம்பு செல்களின் அமைப்பே வேறு. விளக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. ஆண்களுக்கே இது அதிகம். 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளி அட்டைகளைப் பகல் வெளிச்சத்திலோ அதற்கு இணையான விளக்கிலோதான் காட்ட வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் செய்த பரிசோதனை நம்பத்தக்கதன்று. படகுகள் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரித்துச் செல்வதால், இரவில் சுக்கான் பிடிக்கப்போகும் இளைஞர்கள் இந்தச் சோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

வெல்டிங் ஒளியின் நீலம் கண்ணைச் சுடுமா?

சுடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தி நீர் கொட்டும். தாய்ப்பாலோ வேறெதுவுமோ விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது வரும்.

நிறங்கள் திடீரென மாறித் தெரிந்தால் என்ன செய்வது?

விளக்கைச் சந்தேகிக்கும் முன் ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரு சிவப்புப் பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணில் நல்ல சிவப்பாகவும் மறுகண்ணில் வெளிறியும் தெரிந்தால் பார்வை நரம்பில் அழற்சி இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் குழம்புவது அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருந்து கொடுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே சொல்லி, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொடக்கத்திலேயே கண்டு மருந்தை மாற்றினால் பெரும்பாலோருக்குப் பார்வை மீளும்.